கேமரா ‘ஓகே’ சொன்னது, கையெழுத்து நான் போட்டேன்: தவறு யாருடையது?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

பம்புக்கான உலோகக் கூடுகளைப் பூட்டும் லைனில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறார். இப்போது ஷிப்ட் லீடர். ஏழு பேர் பார்த்த வேலையை எட்டு மாதமாக நான்கு பேரும், ஒரு ரோபோ கையும், ஒரு செயற்கை நுண்ணறிவுக் கேமராவும் பார்க்கிறார்கள். 6 கிலோ எடையுள்ள கூட்டை ரோபோ கை எடுத்து, அதை அசையாமல் பிடிக்கும் ஜிக்கில் வைக்கிறது. ஆட்கள் சீல் போட்டு ஸ்க்ரூ முடுக்குகிறார்கள். கேமரா பார்த்துப் பச்சையோ சிவப்போ காட்டுகிறது. சிவப்பு வந்தால் திரைமுன் இருப்பவர் 4 நொடிக்குள் ‘சரி’ அல்லது ‘தள்ளு’ அழுத்த வேண்டும். ஷிப்ட் முடிவில் மொத்தத்துக்கும் இவர் கையெழுத்து.

போன மாதம் விரிசல் விட்ட நான்கு கூடுகள் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. இரண்டைக் கேமரா சிவப்பு காட்டியும் ஆள் ‘சரி’ அழுத்தியிருக்கிறார். மற்ற இரண்டுக்குக் கேமராவே பச்சை காட்டியிருக்கிறது. நிர்வாகம் இவரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறது. யார் எத்தனை முறை ‘சரி’ அழுத்தினார் என்ற பட்டியலை இனி வாரந்தோறும் பலகையில் ஒட்டப்போகிறார்களாம். இதற்கிடையில் மூத்த தொழிலாளி ஒருவரின் விரல், ரோபோ கையின் நுனியில் பொருளைப் பிடிக்கும் கிரிப்பருக்கும் ஜிக்குக்கும் நடுவில் மாட்டி வீங்கியது. “கோபாட்தானே (மனிதரோடு கூடி வேலை செய்யும் ரோபோ), நசுக்காது” என்று அதைப் பதிவு செய்யவில்லை. ஆள் அருகே வந்தால் ஸ்கேனர் கண்டு ரோபோ கையை நிறுத்தும். அது அடிக்கடி நின்றுவிடுவதால் “பையன்கள் சில நேரம் ஸ்கேனரைக் கொஞ்சம் திருப்பி வைத்துச் சமாளித்துக்கொள்கிறார்கள்” என்றும் எழுதியிருக்கிறார். தவறு என்மீதா, கையெழுத்துப் போட மறுக்கலாமா, அந்தக் கையை எடுத்துவிடச் சொல்லலாமா என்பவை இவருடைய கேள்விகள்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன், நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன ஸ்கேனர் விஷயத்தைப் பேசியாக வேண்டும். கடிதத்திலேயே முதலில், அடுத்த ஷிப்டுக்குள், சரிசெய்ய வேண்டியது அதுதான்.

அந்த ஸ்கேனர் பார்க்கும் பரப்பை யாரோ ஒரு கணக்குப் போட்டுத்தான் வரைந்திருப்பார். நடந்து வரும் மனிதர் நொடிக்கு 1,600 மில்லிமீட்டர் முன்னேறுவார் என்று பாதுகாப்புத் தரநிலைகள் எடுத்துக்கொள்கின்றன. ஸ்கேனர் ஆளைக் கண்டு, கன்ட்ரோலர் கட்டளை கொடுத்து, கை முழுதாக நிற்க 0.6 நொடி ஆகிறது என்று வையுங்கள். அதற்குள் அவர் 96 சென்டிமீட்டர் உள்ளே வந்துவிடுவார். அதனால்தான் எல்லைக் கோடு ஒரு மீட்டருக்கும் வெளியே இருக்கிறது. ஸ்கேனரை ஒரு விரல்கடை திருப்பினாலும் சில மீட்டர் தள்ளி அந்தக் கோடு எங்கோ போய்விடும். திருப்பியவருக்கு அது தெரியும். அடுத்த ஷிப்டில் வருபவருக்குத் தெரியாது.

இதில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது. தெரிந்தும் விட்டிருக்கிறீர்கள். விரிசல் விட்ட கூடுகளுக்காக உங்களைக் குற்றம் சொல்வது எந்த அளவு நியாயம் என்று பிறகு பார்க்கலாம். ஸ்கேனர் திரும்பியிருக்கும்போது ஒருவர் அடிபட்டால் ஷிப்ட் லீடரிடம் கேட்கப்படும் கேள்வி நியாயமானதாகவே இருக்கும். இன்றே பழைய நிலையில் வைக்கச் சொல்லுங்கள், மெயின்டெனன்ஸ் ஆளை வைத்து எல்லையைச் சோதித்துப் பதிவு செய்யுங்கள். பல ஸ்கேனர்களில் சுவரையோ தூணையோ அடையாளமாக வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அந்த அடையாளம் இடம் மாறியதாகத் தெரிந்தால், அதாவது யாராவது ஸ்கேனரை அசைத்தால், இயந்திரம் தானே நின்றுவிடும். உங்கள் லைனில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

பையன்களைத் திட்டுவதில் பயனில்லை. கை ஏன் அடிக்கடி நிற்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு ஷிப்டுக்கு ஒரு தாளில் எழுதுங்கள்: நின்ற நேரம், எல்லைக்குள் வந்தவர், எதற்காக வந்தார். பெரும்பாலும் இரண்டு மூன்று காரணங்களே திரும்பத் திரும்ப வரும். ஸ்க்ரூ டப்பா எல்லைக்குள் இருக்கும், டிராலி போகும் வழி அதன் ஓரத்தை உரசும், குப்பைத் தொட்டி தவறான பக்கம் இருக்கும். இவற்றை ஒரு மீட்டர் நகர்த்தினால் நிற்பது வெகுவாகக் குறையும். எல்லையை இரண்டாகப் பிரிப்பது இன்னொரு வழி. வெளிவட்டத்தில் ஆள் வந்தால் கை வேகம் குறையும், ஆள் போனதும் தானே பழைய வேகத்துக்குத் திரும்பும். உள்வட்டத்தில் வந்தால் மட்டும் நிற்கும். இந்த மாற்றத்தை ரோபோவை நிறுவியவர்கள்தான் செய்ய வேண்டும். நீங்களோ பையன்களோ அல்ல.

‘கோபாட்’ என்ற பெயரை நம்பாதீர்கள்

“கோபாட் நசுக்காது” என்பது உங்கள் தொழிற்சாலையில் மட்டும் உலவும் நம்பிக்கை அல்ல, எங்கும் கேட்கலாம். அந்தக் கையின் மூட்டுகள் எதிர்ப்பை உணர்ந்து நிற்கக்கூடியவை என்பது உண்மை. ஆனால் பாதுகாப்பு என்பது கையோடு பிறந்த குணம் அல்ல. அதன் நுனியில் என்ன கிரிப்பர் இருக்கிறது, அது தூக்கும் பொருளுக்குக் கூர்மையான விளிம்பு உண்டா, எதன் அருகே போய் நிற்கிறது, என்ன வேகம் என்பதையெல்லாம் பொறுத்தது. தொழிற்சாலை ரோபோக்களுக்கான ஐஎஸ்ஓ 10218 தரநிலையின் 2025ஆம் ஆண்டுப் பதிப்பும் ‘கூடி வேலை செய்யும் ரோபோ’ என்று பேசுவதை விட்டு, ‘கூடி வேலை செய்யும் பயன்பாடு’ என்றே பேசுகிறது.

அதற்கு முன்னோடியான 2016ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ டிஎஸ் 15066 ஆவணம் உடலின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு விசை தாங்கும் என்று அட்டவணை போட்டது. விரலும் கையும் இரண்டு பரப்புக்கு நடுவே மாட்டினால் வரம்பு 140 நியூட்டன். மாட்டாமல் தட்டிவிட்டுப் போனால் அதுபோல் இரு மடங்கு. முகத்துக்கு வரம்பு 65 நியூட்டன்தான், அதுவும் தட்டுவதற்குத் தனிச் சலுகை கிடையாது. உங்கள் மூத்தவருக்கு நடந்தது மாட்டிக்கொண்ட வகை, அதாவது கடுமையான வகை. கிரிப்பருக்கும் ஜிக்குக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். விரல் நசுங்காமல் இருக்கக் குறைந்தது 25 மில்லிமீட்டர் வேண்டும், முழுக் கைக்கு 100. அவ்வளவு இடம் விட முடியாவிட்டால் விரலே நுழையாதபடி அந்த இடுக்கை மூட வேண்டும். பாதி இடைவெளிதான் ஆபத்து.

இன்னொன்றையும் விசாரியுங்கள்: ஆட்கள் குறைந்த பிறகு கையின் வேகத்தை யாராவது கூட்டினார்களா? வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். நிற்க எடுக்கும் நேரமும் கூடும், ஆகவே ஸ்கேனர் எல்லையும் மாற வேண்டும். வேகம், கிரிப்பர், தூக்கும் பொருள், பாதை இவற்றில் எது மாறினாலும் இடர் மதிப்பீட்டைத் திரும்பச் செய்ய வேண்டும், விசையை அதற்கான கருவியால் திரும்ப அளக்க வேண்டும். நிறுவிய நாளில் வாங்கிய சான்றிதழ் அன்றைய அமைப்புக்குத்தான் சான்று.

(கைக்கு ஒரு பெயர் சூட்டி, அடையாள அட்டையும் மாட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விளையாட்டாக இருக்கலாம். பக்கத்தில் நிற்கும் சக ஊழியர் உங்கள் கை இன்னும் ஜிக்கில் இருப்பதைப் பார்த்து அரை நொடி பொறுப்பார். இந்தக் கை பொறுக்காது. பெயர் வைத்தபின் அது பார்க்கும், பொறுக்கும் என்று மனம் நம்பத் தொடங்கிவிடுகிறது. நானாக இருந்தால் அட்டையைக் கழற்றிவிட்டு, கை அசையுமுன் ஒளிரும் ஒரு விளக்கை மாட்டுவேன்.)

50 பொய் எச்சரிக்கை, 4 நொடி

இனி விரிசல் விட்ட கூடுகள். “ஆட்கள் அக்கறையில்லாமல் ‘சரி’ அழுத்துகிறார்கள்” என்று நிர்வாகம் சொல்கிறது. நீங்களும் பாதி நம்புகிறீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் லைனின் எண்களை லாகில் (இயந்திரம் தானே எழுதிவைக்கும் பதிவில்) பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். 1,000 கூடுகளில் 10 விரிசல் விட்டவை. கேமரா அந்தப் பத்தில் 9ஐப் பிடிக்கும், நல்ல கூடுகளில் 100க்கு 5ஐத் தவறாகச் சிவப்பு காட்டும். நல்லவை 990, அதில் ஏறக்குறைய 50 சிவப்பு. மொத்தம் 59 சிவப்பு வரும், அதில் 50 பொய். கேட்பதற்கு நல்ல கேமராதான். ஆனால் திரைமுன் உட்கார்ந்தவருக்கு ஆறு ஏழு சிவப்பில் ஒன்றுதான் உண்மை. பத்து நாளில் விரல் தானாக ‘சரி’க்குப் போகப் பழகிவிடும். மூளை அனுபவத்திலிருந்து சரியாகவே கற்றுக்கொண்டிருக்கிறது. அதை அக்கறையின்மை என்று சொல்ல மாட்டேன்.

சலிப்பும் சேர்கிறது. ராடார் திரையைக் கண்காணிப்பவர்கள் எவ்வளவு நேரம் விழிப்பாக இருப்பார்கள் என்று உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் ஆராய்ந்து 1948இல் வெளியிட்டார். முதல் அரை மணிக்குள்ளேயே கண்டுபிடிப்பது குறையத் தொடங்கியது. உங்கள் ஆட்கள் ஒரே திரைமுன் இரண்டு மணி நேரம் உட்காருகிறார்கள்.

‘கேமராவும் மனிதரும் சேர்ந்து பார்த்தால் இரட்டைப் பாதுகாப்பு’ என்ற எண்ணத்தையும் திருத்த வேண்டும். இதைப் பற்றிய 106 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை 2024இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வந்தது. மனிதரும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்த கூட்டு, இருவரில் சிறந்தவர் தனியே செய்ததைவிடச் சராசரியில் பின்தங்கியிருந்தது. முடிவெடுக்கும் வேலைகளில்தான் இந்தச் சரிவு தெரிந்தது. இருவருக்கும் வேலையை எப்படிப் பிரித்து அமைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் லைனுக்கு நான் கேட்கச் சொல்வது இவை:

சிவப்பு வந்த கூட்டை அங்கேயே 4 நொடியில் தீர்க்க வேண்டாம். தனித் தட்டில் ஒதுக்குங்கள். மணிக்கு ஒருமுறை இருவர் சேர்ந்து, துடைத்து, சாய்வான வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுக்கட்டும். நேர் வெளிச்சத்தில் உலோகப் பளபளப்பில் மறையும் மெல்லிய விரிசல், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரியும். கேமரா விட்டுவிட்ட அந்த இரண்டு கூடுகளிலும் எண்ணெய்ப் படலமோ வெளிச்சக் கோணமோ காரணமாக இருந்திருக்கலாம், படங்களை எடுத்துப் பாருங்கள். திரை சிவப்பை மட்டும் காட்டாமல் எந்த இடத்தைச் சந்தேகிக்கிறது என்றும் காட்ட வேண்டும். திரைமுன் இருப்பவரை 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும், ஏற்கெனவே நல்லது கெட்டது தெரிந்த மாதிரிக் கூடுகளைக் கேமராவுக்குக் காட்டுங்கள். 20 நல்லது, 10 கெட்டது போதும். விரிசல் கூடுகளில் ஒன்றுக்குப் பச்சை வந்தாலும் லைனைத் தொடங்க வேண்டாம். லென்ஸில் தூசி, மாற்றிய பல்பு, வேறு வார்ப்பாலையிலிருந்து வந்த புது லாட் என்று எதுவும் கேமராவின் கண்ணைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும். ஷிப்ட் நடுவிலும் அடையாளமிட்ட ஒன்றிரண்டு விரிசல் கூடுகளை எதிர்பாராத நேரத்தில் விடலாம். விமான நிலையப் பைச் சோதனைத் திரைகளில் இப்படித்தான் பொய்யான ஆயுதப் படங்களை இடையிடையே காட்டி ஊழியரை விழிப்பாக வைத்திருக்கிறார்கள். விட்ட கூடுகளைத் திரும்ப எண்ணி எடுக்க மறக்காதீர்கள். மறந்தால் வாடிக்கையாளருக்கு இன்னொரு பார்சல் போகும்.

வாரம் ஒரு மணி நேரமாவது கேமரா இல்லாமல் கண்ணாலும் கையாலும் பரிசோதியுங்கள். இயந்திரம் நன்றாக வேலை செய்யச் செய்ய மனிதருக்குக் கைப்பழக்கம் போய்விடுகிறது, ஆனால் இயந்திரம் தவறும் நேரத்தில் அதே மனிதரைத்தான் கூப்பிடுகிறோம் என்று உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983லேயே எழுதினார். உங்கள் 14 வருடக் கண்ணும் இந்த எட்டு மாதத்தில் கொஞ்சம் மங்கியிருக்கும்.

பொய்ச் சிவப்பு தொல்லை தாங்காமல் “கேமராவின் உணர்திறனைக் குறைத்துவிடலாம்” என்று யாராவது சொல்வார்கள். சிவப்பு குறையும், தப்பிப்போகும் விரிசலும் கூடும். அந்த முடிவைத் தர மேலாளர் எழுத்தில் எடுக்கட்டும்.

கையெழுத்தும் விளக்கக் கடிதமும்

முற்றிலுமாக மறுப்பது எனக்கு நல்ல யோசனையாகப் படவில்லை. உடனடியான கடும் ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பி வேலையிலிருந்து விலகுபவரைத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை (1981) சொல்கிறது. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா, உள்நாட்டுச் சட்டம் எப்படி என்று பார்க்க வேண்டும். ஆனால் அது உடலுக்கு வரும் ஆபத்துக்கான பாதுகாப்பு. விரல் நசுங்கும் ஜிக்கில் கை வைக்க மறுக்க அது உதவும். தரச் சான்றில் கையெழுத்து மறுக்க உதவாது. மறுத்தால் கீழ்ப்படியவில்லை என்ற புது வழக்கு உங்கள்மேல் வரலாம்.

கையெழுத்தின் மேலே இருக்கும் வாசகத்தை மாற்றக் கேளுங்கள். இப்போது அது ‘அனைத்தும் பரிசோதிக்கப்பட்டன’ என்கிறது. நீங்கள் பரிசோதிக்கவில்லை. ‘கேமரா பச்சை காட்டியவை இத்தனை, தனியாகப் பார்க்கவில்லை; ஒதுக்கி இருவர் பார்த்தவை இத்தனை; ஷிப்ட் தொடக்கச் சோதனை முடிவு இது’ என்று இருக்கட்டும். நடந்ததை மட்டும் சொல்லும் வாசகம் என்றால் தயங்காமல் கையெழுத்திடலாம். படிவம் மாறும்வரை, பெயருக்குப் பக்கத்தில் அந்த ஒரு வரியைக் கையாலேயே எழுதி, நகல் எடுத்து வையுங்கள்.

விளக்கக் கடிதத்தைக் கோபத்தில் எழுதாதீர்கள், மன்னிப்பும் எழுதாதீர்கள். அந்த நான்கு கூடுகளுக்கும் கேமரா எடுத்த படம், நேரம், அன்று இருந்த மென்பொருள் பதிப்பு, உணர்திறன் அளவு, திரைமுன் இருந்தவர் அதுவரை எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தார், அந்த ஷிப்டில் மொத்தம் எத்தனை சிவப்பு வந்தது ஆகிய விவரங்களை முதலில் கேட்டு வாங்குங்கள். லாக் பழையதாகித் தானே அழிந்துவிடக்கூடும், ஆகவே கேட்பதை எழுத்தில் இன்றே கேளுங்கள். பிறகு விடையில் மூன்று பத்தி போதும்: என்ன நடந்தது, ஒவ்வொரு முடிவையும் எது அல்லது யார் எடுத்தார், என்ன மாற்றம் கேட்கிறீர்கள். நிர்வாகம் அனுப்பிய கடிதத்தில் ‘ஒழுங்கு நடவடிக்கை’ என்ற சொல் இருந்தால், உங்கள் விடையை அனுப்புமுன் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடமோ காட்டுங்கள்.

அதோடு ஒரு அட்டவணையையும் இணையுங்கள். லைனில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கட்டம்: செய்வது யார், நிறுத்தவோ மாற்றவோ அதிகாரம் யாருக்கு, பதில் சொல்ல வேண்டியவர் யார். கூட்டைப் பரிசோதிக்கும் வரிசையில் முதல் கட்டத்தில் கேமரா, இரண்டாவதில் யாரும் இல்லை, மூன்றாவதில் உங்கள் பெயர். காரின் முன்பகுதி மோதலில் தான் நசுங்கிப் பயணியைக் காக்கும். தானியங்கி அமைப்புகளில் கடைசியாக நிற்கும் மனிதர் அப்படி நசுங்கி இயந்திரத்தின் நற்பெயரைக் காக்கிறார் என்று மானிடவியலாளர் மேடலின் கிளேர் எலிஷ் விளக்கியிருக்கிறார். உங்கள் அட்டவணையின் அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் நிர்வாகத்துக்கே புரியும். ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: முழுத் தவறு உங்களுடையது அல்ல, ஆனால் சரிபார்க்காததைச் சரிபார்த்ததாக எட்டு மாதம் கையெழுத்திட்டது உங்கள் பங்கு.

பெயர்ப்பட்டியலை ஒட்டுவதை எதிர்த்துப் பேசுங்கள், ஆனால் ‘அவமானம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘சரி’ அழுத்தினால் பெயர் பலகையில் வரும் என்றால் எல்லோரும் எல்லாவற்றையும் ‘தள்ளு’ அழுத்துவார்கள். அந்த 50 நல்ல கூடும் கழிவுக்குப் போகும், கேமராவின் தவறு ஒருநாளும் வெளியே தெரியாது. எண்களை லைன் அளவில் ஒட்டட்டும். ஆள்வாரியான விவரம் பயிற்சிக்கு மட்டும், அவரவரிடம் மட்டும்.

ரோபோ கையை எடுத்துவிடச் சொல்லாதீர்கள். ஷிப்டுக்கு 700 கூடு என்று எழுதியிருக்கிறீர்கள். 6 கிலோ வீதம் அது 4,200 கிலோ. அத்தனையையும் உங்கள் ஆட்களின் தோளும் இடுப்பும் தூக்கிய காலத்தை அவர்களிடமே கேளுங்கள். இரண்டு பேருக்குத் தோள்வலி போய்விட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தூக்கும் வேலை கைக்கே இருக்கட்டும்.

மூத்தவரின் விரலை இப்போதாவது விபத்துப் பதிவேட்டில் எழுதுங்கள். நடந்த தேதி, எழுதும் தேதி இரண்டையும் போட்டு, தாமதத்துக்கான காரணத்தையும் எழுதினால் போதும். விரலை முழுதாக மடக்க முடியவில்லை என்றாலோ அழுத்தினால் எலும்பில் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க அனுப்புங்கள், சீட்டைப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். ஜிக் இடைவெளி அளந்து சரியாகும்வரை அந்த நிலையத்தில் கையை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அந்தச் சில நாளுக்குக் கூடுகளை இருவர் மாறி மாறித் தூக்கி வைக்க வேண்டியிருக்கும், அதற்கு ஆள் வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் குறிப்பிட்டுவிடுங்கள்.